கொடுப்போர் யார்? தமிழ்க் காதல் படங்களும் ஒரு பழைய உரிமையும்

1959இல் வெளிவந்த ‘கல்யாணப் பரிசு’ படத்தின் கடைசிக் காட்சியில், தாயை இழந்த தன் குழந்தையோடு, ஒரு காலத்தில் தான் காதலித்த வசந்தியைத் தேடி வருகிறான் பாஸ்கர். அவன் வந்து சேர்வதற்குள் அவள் கழுத்தில் வேறொருவர் தாலி கட்டிவிடுகிறார். பாஸ்கர் யாரையும் குறை சொல்வதில்லை. குழந்தையை அவளிடம் கல்யாணப் பரிசாகக் கொடுத்துவிட்டுத் திரும்பி நடக்கிறான். அது ஸ்ரீதர் இயக்கிய முதல் படம். அதுவரை வசனகர்த்தாவாக அறியப்பட்டிருந்த அவர், தலைப்பின் பொருளைக் கடைசி நிமிடம்வரை கைக்குள் மூடியே வைத்திருந்தார்.

ஆனால் அந்தப் படத்தில் கைமாறும் முதல் பரிசு அந்தக் குழந்தை அன்று. அக்கா கீதா தையல் வேலை செய்து தங்கை வசந்தியைக் கல்லூரியில் படிக்கவைக்கிறாள். அவர்கள் வீட்டிலேயே குடிவரும் பாஸ்கர் நோயில் விழும்போது பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளும் கீதாவின் மனத்தில் ஆசை முளைக்கிறது. தங்கைக்கும் அவனுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொண்டவள் தங்கைதான். தன்னை ஆளாக்கிய அக்காவுக்காக வசந்தி காதலனை விட்டுக்கொடுக்கிறாள். அவனையும் வற்புறுத்தி மணமேடையில் உட்காரவைக்கிறாள். ‘வாடிக்கை மறந்ததும் ஏனோ’ என்று சைக்கிளில் பாடிக்கொண்டு போன இருவரில் ஒருவர் மற்றவரை மூன்றாமவரிடம் ஒப்படைக்கிறார். பாஸ்கருக்கு இதில் சொல்வதற்கு அதிகம் இல்லை. விட்டுக்கொடுத்தல் என்ற சொல்லை நாம் எப்போதும் விடுகிறவரின் பக்கத்திலிருந்தே கேட்கிறோம். கொடுக்கப்படுகிறவரின் பக்கத்திலிருந்து அது எப்படி ஒலிக்கும் என்பதை அந்தப் படத்தின் இரண்டாம் பாதி முழுவதும் ஜெமினி கணேசனின் முகத்தில் பார்க்கலாம்.

தமிழில் கல்யாணப் பேச்சே ‘கொடு’ என்ற வினைச்சொல்லைச் சுற்றித்தான் நடக்கிறது. பெண் கொடுக்கிறார்கள், பெண் எடுக்கிறார்கள். இரண்டு குடும்பங்களுக்குள் சம்பந்தம் உண்டா என்பதைக் ‘கொள்வினை கொடுப்பினை உண்டா’ என்று கேட்கிறார்கள். விரும்பியவளை மணக்க முடியாதவன் தனக்குக் கொடுப்பினை இல்லை என்று சொல்லிக்கொள்கிறான். இந்தப் பேச்சுக்கு வயது அதிகம். கரணம் என்னும் சடங்கோடு, ‘கொடைக்குரி மரபினோர் கொடுப்பக் கொள்வதுவே’ கற்பு, அதாவது மணவாழ்க்கை, என்று தொடங்குகிறது தொல்காப்பியத்தின் கற்பியல். கொடுக்கும் உரிமையுள்ளவர்கள் கொடுக்க வேண்டும், கொள்ளும் உரிமையுள்ளவன் கொள்ள வேண்டும்; பெண் அந்த வாக்கியத்தில் செயப்படுபொருள். இலக்கண நூல் என்பதால் இதை இலக்கணமாகவே சொல்லிவிடலாம். ஆனால் அதே நூல், அடுத்த நூற்பாவிலேயே, ‘கொடுப்போர் இன்றியும் கரணம் உண்டே’ என்று ஒரு கதவைத் திறந்துவைக்கிறது. காதலனோடு உடன்போன பெண்ணுக்கு, கொடுக்க யாரும் இல்லாவிட்டாலும், திருமணம் திருமணம்தான்.

இந்த இரண்டு நூற்பாக்களுக்கு நடுவில்தான் நம் காதல் படங்கள் அறுபது ஆண்டுகளாக நின்றுகொண்டிருக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. காதலா கடமையா என்ற மோதலாக விளம்பரப்படுத்தப்படும் கதையை உற்றுப் பார்த்தால், உள்ளே நடப்பது பெரும்பாலும் உரிமை வழக்கு: இந்தப் பெண்ணைக் கொடுக்கும் உரிமை யாருக்கு? அப்பாவுக்கா, கணவனுக்கா, காதலனுக்கா, சாதிக்கா? அவளுக்கேதானா என்ற கேள்வி மிகவும் தாமதமாகத்தான் வருகிறது.

இதைப் பழமையின் மிச்சம் என்று தள்ளிவிடவும் முடியாது. பழைய பாட்டுகள் இந்த விஷயத்தில் நம் படங்களைவிடத் தாராளமானவை. கலித்தொகையின் ஒன்பதாம் பாட்டில், உடன்போன மகளைத் தேடிப் பாலை வழியில் வரும் செவிலித்தாய் எதிரே வரும் முக்கோல் அந்தணரிடம் விசாரிக்கிறாள். பார்த்தோம் என்கிறார்கள் அவர்கள். மலையில் பிறந்தாலும் சந்தனம் பூசிக்கொள்பவருக்கே அல்லாமல் மலைக்கு என்ன பயன், கடலில் பிறந்தாலும் முத்து அணிபவருக்கே அல்லாமல் கடலுக்கு என்ன பயன் என்று கேட்டு, அவள் போனதுதான் அறம் தவறாத வழி என்று சொல்லித் தாயைத் திருப்பி அனுப்புகிறார்கள். அங்கே காதலும் அறமும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. சினிமாவில்தான் அறம் எதிர்ப்பக்கத்தில் போய் நின்றுகொண்டது.

நின்றது வெறும் கருத்தாக அன்று, ஓர் ஆளாக. தமிழ்ப் படத்தில் கடமை எப்போதும் உடம்போடுதான் வரும்: கல்யாணமாகாத அக்கா, படுக்கையில் கிடக்கும் அம்மா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரியும் அப்பா. (அப்பாக்களின் நெஞ்சுவலியால் முடிவான சினிமாக் கல்யாணங்களை யாராவது உட்கார்ந்து எண்ணினால் நல்லது.) கொள்கையோடு சண்டை போடலாம், நோயாளியோடு போட முடியாது. கதாசிரியர்கள் இதை நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

1962இல் ஸ்ரீதர் எடுத்த ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ கிட்டத்தட்ட முழுவதுமே ஒரு மருத்துவமனைக்குள் நடப்பது தற்செயல் இல்லை. புற்றுநோயோடு வரும் வேணு, அவன் மனைவி சீதா, சிகிச்சை செய்ய வேண்டிய டாக்டர் முரளி. சீதா முன்பு முரளியின் காதலி. இது தெரியவந்ததும் வேணு தான் இறந்துபோனால் டாக்டரை மணந்துகொள்ளும்படி மனைவியிடம் சொல்கிறான். விதவை மறுமணத்தை அனுமதிக்கும் சட்டம் 1856இலேயே வந்துவிட்டது; படம் வரும்போது அதற்கு நூறு வயது தாண்டியிருந்தது. இருந்தும் அந்தப் பேச்சைக் கேட்ட சீதாவின் அதிர்ச்சியைத்தான் கண்ணதாசன் ‘சொன்னது நீதானா’ என்று எழுதினார், சுசீலா பாடினார். பெருந்தன்மை மிக்க ஒரு கணவன் தன் மனைவியை உயில் எழுதுவதுபோல ஒருவருக்கு எழுதிவைக்கிறான். அவளோ எழுதிவைக்காதே என்று அழுகிறாள். அவள் மறுப்பதைப் பதிவிரதையின் மறுப்பாகத்தான் அன்றைய பார்வையாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். கொடுக்கப்படுவதற்கே மறுப்பு என்றும் அந்தப் பாட்டை இன்று கேட்கலாம். எப்படியோ, வேணு பிழைக்கிறான், முரளி இறந்துபோகிறார். சிக்கலைத் தீர்க்கும் வேலையை மனிதர்களிடமிருந்து மரணம் வாங்கிக்கொள்கிறது.

பாக்யராஜின் ‘அந்த 7 நாட்கள்’ (1981) இந்த வழக்கை வாதி, பிரதிவாதி சகிதமாக நடத்திக் காட்டிய படம். சினிமாவில் இசையமைப்பாளராக வாய்ப்புத் தேடி வரும் பாலக்காட்டு மாதவனைக் காதலிக்கும் வசந்தி, பலவந்தமாக டாக்டர் ஆனந்துக்கு மணமுடிக்கப்படுகிறாள். ஆனந்த் மனைவியை இழந்தவர், ஒரு பெண் குழந்தையின் தகப்பன். சாகக் கிடக்கும் தாயின் ஆசைக்காக மறுமணத்துக்குச் சம்மதித்தவர். அதாவது கடமைக்காகக் கழுத்தை நீட்டியவர்கள் அந்த வீட்டில் இரண்டு பேர். முதலிரவிலேயே வசந்தி விஷம் குடிக்கிறாள். காப்பாற்றிய பிறகு உண்மையைக் கேட்டறிந்த ஆனந்த், அம்மா இன்னும் சில நாள்தான் இருப்பார், அதுவரை பொறுத்துக்கொள், பிறகு உன்னை அவனிடமே சேர்த்துவைக்கிறேன் என்கிறார். தலைப்பின் ஏழு நாள் அதுதான்.

படத்தின் உச்சக் காட்சி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தயாரிப்பாளராக நடித்து மாதவனை வரவழைக்கும் ஆனந்த், தன் வீட்டுக் கதையையே சினிமாக் கதையாகச் சொல்லுகிறார். கிளைமாக்ஸ் என்ன என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு. கதையாகக் கேட்கும்போது மாதவன் மரபின் பக்கம் பேசுகிறான். அது தன் கதைதான் என்று தெரிந்த பிறகும் அதே பக்கம்தான் நிற்கிறான். தாலியைக் கழற்றும் பேச்சு வருகிறது. வசந்தியால் அது முடிவதில்லை. தன் காதலி இன்னொருவருக்கு மனைவியாகலாம், இன்னொருவரின் மனைவி தனக்குக் காதலியாக முடியாது என்று பொருள்படும் அந்தப் புகழ்பெற்ற வசனத்தைச் சொல்லிவிட்டு, ஆர்மோனியத்தோடு மாதவன் நடக்கிறான். எங்கள் வீட்டில் இந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் எத்தனையாவது முறை பார்த்தாலும் இந்த இடத்தில் வாக்குவாதம் தொடங்கிவிடும். பெரியவர்கள் மாதவன் பக்கம், மற்றவர்கள் ஆனந்த் பக்கம். வசந்தியின் பக்கம் என்று ஒன்று இருக்கலாம் என்பது வெகுநாள்வரை யாருக்கும் உறைக்கவில்லை. இரண்டு நல்ல ஆண்கள் மாறி மாறி, ‘நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்’ என்று ஒருத்தியை நீட்டுகிறார்கள். அவள் விருப்பத்தைப் பேச வேண்டிய இடத்தில் தாலி பேசிவிடுகிறது.

ஐந்து வருடம் கழித்து வந்த ‘மௌன ராகம்’ அதே முடிச்சை வேறு கையால் அவிழ்க்கிறது. இங்கும் அப்பாவின் நெஞ்சுவலி உண்டு. திவ்யா கல்யாணத்துக்குச் சம்மதிப்பது அதனால்தான். ஆனால் டெல்லிக்குப் போன பிறகு, பரிசாக என்ன வேண்டும் என்று கேட்கும் கணவனிடம் அவள் விவாகரத்து வேண்டும் என்கிறாள். அவன் வாங்கித் தருவது கொலுசு. பிறகு வக்கீலிடமும் அழைத்துப் போகிறான். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகாமல் மனுப் போட முடியாது என்பது அங்கே தெரியவருகிறது. இது திரைக்கதைக்காகச் செய்த ஜோடனை இல்லை. இந்து திருமணச் சட்டத்தின் 14ஆம் பிரிவில் மூன்று வருடமாக இருந்த இந்தக் காத்திருப்பை 1976ஆம் ஆண்டுத் திருத்தம்தான் ஒரு வருடமாகக் குறைத்தது. இருவரும் மனமொத்துப் பிரியலாம் என்னும் 13-பி பிரிவும் அதே திருத்தத்தில் வந்தது. பத்தாண்டுகளுக்கு முன்பு வந்த சட்டம் ஒரு காதல் கதைக்குக் கால எல்லையாகிறது. வேண்டாத கணவனோடு ஒரே கூரையின்கீழ் அவள் கழிக்க வேண்டிய மாதங்களைச் சட்டமே தருகிறது. அந்த மாதங்களில்தான் அவள் மனம் மாறுகிறது.

மணிரத்னம் செய்த முக்கியமான மாற்றம், கேட்கும் வாயை அவளுக்குக் கொடுத்தது. தன்னைத் தொட்டால் கம்பளிப்பூச்சி ஊர்வது போல இருக்கிறது என்று கணவனின் முகத்துக்கு நேராகச் சொல்லும் கதாநாயகி அதற்கு முன் வந்திருந்தால் வில்லியாக வந்திருப்பாள். அதே சமயம், அவளுடைய பழைய காதலன் மனோகர் உயிரோடு இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. அவன் உயிரோடு திரும்பி வந்திருந்தால் அந்தப் படம் எங்கே போய் முடிந்திருக்கும் என்பதைப் படம் யோசிக்கத் துணியவில்லை. யோசித்திருந்தால் அது ‘அந்த 7 நாட்க’ளாகியிருக்கும், அல்லது ஓடியிருக்காது.

ஓடுவது என்பது இங்கே பெரிய சொல். காதல் படத்துக்கு இரண்டு கூட்டம் வந்தாக வேண்டும்: காதலிக்கிறவர்கள், அவர்களைப் பெற்றவர்கள். முதல் கூட்டம் முதல் வாரத்தை நிரப்பும்; நூறு நாள் ஓட வேண்டுமானால் தாய்க்குலத்தின் ஆதரவு வேண்டும் என்பது கோடம்பாக்கத்துப் பாடம். ஒரே அரங்கில் முன்வரிசையில் விசிலடிக்கும் பையனும் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அவன் அம்மாவும் ஒரே முடிவை ஏற்றுக்கொள்ள வேண்டும். காதல் புனிதமானது என்று இரண்டு மணி நேரம் சொல்லிவிட்டு, கடைசிப் பதினைந்து நிமிடத்தில் குடும்பத்தின் காலில் விழுவதற்கு இந்த வியாபாரக் கணக்கும் ஒரு காரணம்.

அந்தக் கணக்கை மிகச் சுத்தமாகப் போட்ட படம் 1997இல் வந்த ‘காதலுக்கு மரியாதை’. ஃபாசில் மலையாளத்தில் எடுத்த ‘அனியத்திப்ராவு’வைத் தமிழில் தானே மறுபடி எடுத்தார். ஜீவா இந்து, மினி கிறிஸ்தவப் பெண்; ஓடிப்போகிறார்கள்; பெற்றவர்களை நினைத்து மனம் பொறுக்காமல் கல்யாணம் செய்துகொள்ளாமலே அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். உடன்போக்கு பாதியில் ரத்தாகிறது. கடைசியில் இரண்டு குடும்பங்களும் ஒரே கூடத்தில் நிற்கும்போது, ஜீவாவின் தாயாக வரும் ஸ்ரீவித்யா அந்தப் பெண்ணைத் தனக்குத் தந்துவிடும்படி கேட்கிறார், மினியின் தாயாக வரும் லலிதா எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறார். அரங்கில் கண் கலங்காதவர்கள் குறைவு. காதலர்கள் இருவரும் அந்த நேரத்தில் வாய் திறப்பதில்லை. கற்பியலின் முதல் நூற்பாவுக்கு இதைவிடத் துல்லியமான உரை சினிமாவில் எழுதப்பட்டதில்லை: கொடைக்குரிய மரபினர் கொடுத்தார்கள், கொள்வதற்குரியவர்கள் கொண்டார்கள். தலைப்பில் மரியாதை காதலுக்கு; கதையில் அது பெற்றோருக்கு.

மூன்று வருடத்தில், ‘அலைபாயுதே’யில், கொடுப்போர் இல்லாமல் கரணம் நடந்துவிடுகிறது. கார்த்திக்கும் சக்தியும் ரகசியமாகத் தாலி கட்டிக்கொண்டு அவரவர் வீட்டிலேயே போய் இருந்துவிடுகிறார்கள். சட்டைக்குள் தாலியை மறைத்துக்கொண்டு அப்பா அம்மாவோடு சாப்பிட உட்காரும் பெண் தமிழ்ப் படத்துக்குப் புதியவள். மரியாதையும் வேண்டும், காதலும் வேண்டும் என்று நினைத்த ஒரு நடுத்தர வர்க்கத் தலைமுறையின் படம் அது.

இதுவரை சொன்ன படங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. அவற்றில் சாதி பேசப்படவில்லை. கடமை என்றால் பாசம், நன்றி, நோய். மதம் வந்தால்கூட அது இரண்டு குடும்பங்களின் மனத்தாங்கலாகவே வந்தது. பாரதிராஜாவின் ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981) பூணூலையும் சிலுவையையும் கழற்றி எறியவைத்து அந்த வேலியைக் கொஞ்சம் அசைத்தது. ஆனால் கொடுக்கும் உரிமைக்காகக் கொலையும் நடக்கும் என்ற உண்மை அதன் முழு எடையோடு திரைக்கு வர இன்னும் நாளானது.

பாலாஜி சக்திவேலின் ‘காதல்’ (2004) அந்த வகையில் ஒரு திருப்பம். மதுரையில் இருசக்கர வாகன மெக்கானிக்காக இருக்கும் முருகன், வசதியான வீட்டுப் பள்ளி மாணவி ஐஸ்வர்யா. சென்னைக்கு ஓடிப்போய்த் தாலி கட்டிக்கொண்டவர்களைப் பெண்வீட்டார் நயமாகப் பேசி ஊருக்குக் கூட்டிவருகிறார்கள். வந்த இடத்தில், அவன் உயிரைக் காப்பாற்ற வேண்டுமானால் தாலியைக் கழற்று என்கிறார்கள். கழற்றுகிறாள். அப்படியும் அவனை அடித்துப் போடுகிறார்கள். 1981இல் கழற்ற முடியாத தாலி 2004இல் உறவுக்காரர்களின் கட்டளைக்கே கழன்றுவிடுகிறது. தாலியின் புனிதம் யார் கட்டினார் என்பதைவிட யார் கட்டவைத்தார் என்பதைப் பொறுத்தது என்பதை அந்தக் காட்சி ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல் சொல்லிவிடுகிறது. பல வருடம் கழித்துச் சாலையில் மனம் சிதறித் திரியும் முருகனைப் பார்த்து அவள் கதற, அவளுடைய கணவன் அவனைக் கூட்டிப்போய்ப் பராமரிக்கிறான். பெருந்தன்மையுள்ள கணவன் என்ற ஸ்ரீதர் காலத்துப் பாத்திரம் இங்கேயும் வருகிறான். ஆனால் திருப்பிக் கொடுப்பதற்கு அவன் கையில் எதுவும் இல்லை.

சட்டத்தைக் கேட்டால் கொடுப்போர் தேவையே இல்லை. 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் சாதியையும் மதத்தையும் கேட்பதில்லை. 1967இல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 7-ஏ பிரிவு, புரோகிதர் இல்லாமல், மாலை மாற்றியோ மோதிரம் மாற்றியோ, இருவருக்கும் புரிந்த மொழியில் கணவன் மனைவியாக ஏற்றுக்கொள்வதாகச் சொன்னாலே செல்லும் என்று சுயமரியாதைத் திருமணத்துக்கு ஏற்பளித்தது. தொல்காப்பியத்தின் இரண்டாம் நூற்பாவுக்குக் கிடைத்த அரசாணை என்றே இதைச் சொல்லலாம். ஆனால் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் 30 நாள் முன்னறிவிப்பு ஒட்டப்பட வேண்டும். வீட்டுக்குத் தெரியாமல் வந்தவர்களின் பெயர் அலுவலகச் சுவரில் தொங்கும். சட்டம் கொடுப்போரை விலக்கிவிட்டு, அவர்கள் வந்து சேர ஒரு மாத அவகாசமும் தருகிறது. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே, சாதி கடந்து மணந்த ஓர் இளைஞர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டதைக் கேமரா பதிவில் நாடே பார்த்தது. அதன் பிறகு எடுக்கப்படும் காதல் படம், அப்பாவின் நெஞ்சுவலியோடு நின்றுகொள்ள முடியாது.

2018இல் ஒரு வார இடைவெளியில் இரண்டு படங்கள் வந்தன. ‘96’ பழைய வீட்டில் புது விளக்கு ஏற்றியது. மணமான ஜானுவும் மணமாகாத ராமும் ஓர் இரவு முழுக்கச் சென்னையில் நடந்து, பேசி, பிரிகிறார்கள். கடமை அங்கே யாரும் சொல்லாமலே கடைப்பிடிக்கப்படுகிறது. மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ காதல் படம்தானா என்றுகூடக் கேட்கலாம், ஏனென்றால் அதில் காதல் வாய்விட்டுச் சொல்லப்படுவதே இல்லை. திருநெல்வேலிச் சட்டக் கல்லூரியில் உடன் படிக்கும் ஜோ அழைத்தாள் என்று அவள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகும் பரியனை அவள் உறவினர்கள் அறைக்குள் தள்ளி அடித்து அவமானப்படுத்துகிறார்கள். அவள் அப்பா தடுக்க முடியாமல், உன்னோடு சேர்த்து என் மகளையும் கொன்றுவிடுவார்கள் என்று அவனிடம் மன்றாடுகிறார். கொடுக்கும் உரிமை அந்த அப்பாவிடமும் இல்லை. அது அவருக்கு மேலே, ஊரிடம் இருக்கிறது. இத்தனை படங்களில் இந்த ஒரு தகப்பன்தான் தன் அதிகாரம் எவ்வளவு சின்னது என்பதை ஒப்புக்கொள்கிறார்.

பரியன் நடந்ததை ஜோவிடம் சொல்வதில்லை. இதுவும் ஒரு விட்டுக்கொடுத்தல்தான் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். விட்டுக்கொடுப்பதற்கு முதலில் கையில் ஏதாவது இருந்திருக்க வேண்டும். கடைசியில் அந்த அப்பாவும் அவனும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிறார்கள். நீங்கள் நீங்களாகவே இருக்கும்வரை இங்கே எதுவும் மாறாது என்று அவரிடம் அமைதியாகச் சொல்கிறான் பரியன். எல்லோரும் எழுந்து போன பிறகு இரண்டு கண்ணாடி கிளாஸ்கள் மட்டும் இருக்கின்றன. ஒன்றில் பால் டீ, ஒன்றில் கடும் டீ, நடுவில் ஒரு பூ.